மத்தி எண்ணெயில் கறுத்த முட்கள்

அன்றைக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தவர்கள் ஐந்து பேர். தோட்டத்து முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, போடியிலிருந்து ஜீப்பில் வந்த கமிஷன் கடை பாய், என் வீட்டுக்காரர், நான். என் இடுப்பில் இருந்த மகளையும் சேர்த்தால் ஆறு. அவளுக்கு ஒன்றரை வயது. ஜீப் டிரைவர் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு பீடி குடிக்கத் தள்ளிப் போய்விட்டான். ஏலக்காய் ஸ்டோர் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. அதனால் அவனைச் சேர்க்கவில்லை.

யார் யார் இருந்தார்கள் என்று இத்தனை சுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு அங்கே இல்லாதவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். என் வீட்டுக்காரர் காயைத் திருடினார் என்றுகூட என் பிறந்த ஊர் சிலமலையில் பேச்சு வந்தது. அவர் திருடவில்லை. எல்லாம் தூண்டில் முள்ளால் வந்தது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுபதுகளின் கடைசியில் போடியில் ஏலக்காய் விற்றுக் கொடுக்கிற ஒரு கமிஷன் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் முறத்தில் தள்ளித் தள்ளிப் பொறுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் அடுப்புச் சோலி. பறித்து வந்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அறையை அடைத்து, வெளியே அடுப்பெரிப்பார்கள். அந்தச் சூடு பெரிய தகரக்குழாய் வழியாக அறைக்குள் ஓடிக் காயை உலர்த்தும். புகை உள்ளே வராது, சூடு மட்டும்தான் வரும். சூடு கூடினால் காய் வெளுக்கும், குறைந்தால் பூசணம் பூத்துப்போகும். பறிப்புக் காலத்தில் அடுப்பை விட்டு அவரால் அசைய முடியாது. ஸ்டோர் தாழ்வாரத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்.

அவர் மலையில், நானும் பிள்ளையும் போடியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசி ஏற்றிப் போகிற ஜீப்பில் நாங்கள் மேலே போவோம். சாயங்காலம் இறங்கிவிடுவோம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கொண்டை ஊசி வளைவில் ஜீப் உருண்டுவிடும் என்று பயம். மேலே போனால் யானை, அட்டை. கீழே வந்தால் அவர் தூங்கிப்போய் அடுப்புக்குள் விழுந்துவிடுவாரோ என்று. அவர் சிரிப்பார்.

"அடுப்பு வாசல் ஒரு முழம்தான் இருக்கு புள்ள. அதுக்குள்ள நான் விழுகணும்னா என்னைய நாலா மடிச்சுத்தான் போடணும்."

ஸ்டோரை ஒட்டி ஓர் ஒற்றை அறை சும்மா கிடந்தது. காற்றில் கூரைத் தகரம் போய், சுவர் மட்டும் நின்றது. ஒருநாள் முதலாளியே சொன்னார். "தகரம் நீ வாங்கிப் போட்டுக்கிட்டா, குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து இரு." அந்த வார்த்தைக்குப் பிறகு எங்களுக்கு வேறு யோசனையே இல்லை. ஆறு தகரம் வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசு வந்துவிடும். அதனால்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்க இறங்கினார்.

தோட்டத்துக்குக் கீழே, கேரளப் பக்கத்தில் ஓர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும். கெண்டையும் விராலும் கிடைக்கும். தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற கூலி ஆட்களுக்குப் போடியிலிருந்து வருகிற மீன் பாதி அழுகித்தான் வரும். அதனால் பிடித்த மீன் கரை ஏறுவதற்குள் விற்றுவிடும். முதலில் அவரிடம் இருந்தது நாலைந்து பழைய முள், துருவேறிக் கறுத்தது. சின்ன மீன் அகப்பட்டது. பெரிய மீன் கடித்தால் முள் ஒடிந்துவிடும். மூன்று வாரம் ஒடிந்த முள்ளைக் காட்டிக் காட்டி அவர் முகம் சுருங்கிப்போனது.

நான் என் பொறுக்குக் கூலியில் போடிக் கடைத்தெரு இரும்புக் கடையில் புது முள் ஒரு டஜன் வாங்கினேன். கூடவே ஈயக்குண்டு, நுனியில் கட்ட எஃகுக் கம்பி. எல்லாம் பளபளவென்று இருந்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம்.

"இது ஒடியாதுல்லண்ணே?"

கடைக்காரர் ஒரு முள்ளை மேசையில் குத்தி வளைத்துக் காட்டினார். "ஒடிஞ்சா கொண்டா ஆத்தா, திருப்பி எடுத்துக்கிறேன். மீனையும் சேத்துக் கொண்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முட்களை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லோலாக்கு மாதிரி இருக்கே புள்ள, காதுல போட்டுக்கிறியா?" என்றார். சாயங்காலம் வரைக்கும் ஒரு மீன்கூடத் தொடவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

தை மாதம் அது. மழை நின்று தண்ணீர் தெளிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்தால் அடியில் கிடக்கிற கல் தெரியும். நானும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முள் இறங்க இறங்க வெயில் அதில் பட்டு மினுக் மினுக்கென்று அடித்தது. ஈயக்குண்டு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். ஒரு கூட்டம் கெண்டை வந்தது, புழுவைப் பார்த்தது, ஒரு முழத்துக்கு முன்னாலேயே எல்லாம் சேர்ந்து திரும்பியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடின.

"பாத்தியா, மினுக்கம்தான் வெரட்டுது," என்றார். "பழைய முள்ளு கறுத்துக் கெடந்துச்சு, மீனுக்குத் தெரியல. இதையும் கறுப்பாக்கணும்."

அதற்குப் பிறகு அதே சோலியாக இருந்தார். விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்தார். தண்ணீரில் இறக்கியதும் கரி கரைந்து, விரல்தான் கறுப்பாக நின்றது. வாழைத்தண்டை நறுக்கி அந்தக் கறையில் ஊறப்போட்டார். கம்பி கொஞ்சம் பழுப்பேறியது, முள் அப்படியே இருந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்தார். அது இன்னும் பளபளப்பாகிவிட்டது. அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி. தகரம் இல்லாம மழையில நனையுறப்ப சிரிப்பு வருதான்னு பாப்போம்."

ஈர மண்ணில் புதைத்து வைத்துத் துருவேற்றலாம் என்றால், துருவேறினால் மறுபடி ஒடியும். கடைசியில் ஒரு முள்ளை அடுப்புத் தணலில் போட்டு எடுத்தார். அது அழகாகக் கறுத்தது. ஆனால் இழுத்துப் பார்த்ததும் நூல் மாதிரி நிமிர்ந்துவிட்டது.

லயத்தில் மரம் அறுக்கிற சேட்டன் ஒருவர் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவர்தான் நிமிர்ந்த முள்ளைப் பார்த்துவிட்டு வழி சொன்னார்.

"தீயில வைக்கண்டா அண்ணே. தீ பட்டா முள்ளோட பலம் போயி. எங்க நாட்டுல மத்தி எண்ணெ தேச்சு, சூட்டுல மட்டும் வைக்கும். எண்ணெ காஞ்சு கறுத்துப் புடிச்சிக்கும். தண்ணியில எத்தன இட்டாலும் போவூலா."

மத்தி மீனைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் அது. மரத்தில் பூசுவதற்காக அவரிடம் ஒரு புட்டி இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

தீ படாத, ஒரே சீரான சூடு. அந்த மலையில் அப்படி ஒரு சூடு இருந்த இடம் ஸ்டோர் அறைக்குள்ளே ஓடிய தகரக்குழாய்தான்.

இதை வாசிக்கிறவர்கள் அவரைக் கவனம் இல்லாத மனுஷர் என்று நினைத்துவிடக் கூடாது. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் மண்ணெண்ணெய் விளக்கு ஆகாது, கருவாடு ஆகாது, உள்ளி ஆகாது. இதில் அவர் ரொம்பக் கறார். மீனை ஓடைக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் அறுப்பார். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட அன்றைக்குக் கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். அறைக்குள் காய் பரப்பியிருந்தபோது அந்த எண்ணெயை அவர் கொண்டு போகவில்லை. காய் உலர்ந்து, தட்டுகளையெல்லாம் எடுத்து, அறை காலியாகும் வரைக்கும் காத்திருந்தார். குழாயில் மிச்சச் சூடு இருந்தபோது, முள்ளையும் குண்டையும் கம்பியையும் எண்ணெயில் முக்கி அதன்மேல் வரிசையாக வைத்தார். சூடு தணியாமல் இருக்க அறையை அடைத்தார்.

உலர்ந்த காய் மூன்று மூட்டை பக்கத்து அறையில் இருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு. சூடு ஆறட்டும் என்று மூட்டைகளின் வாயைத் தைக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே அடுப்புக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பச்சைக் காய்தான் வாடை பிடிக்கும், காய்ந்த காய் வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். அவருக்குச் சோலி பழக்கிய ஆளும் அப்படித்தான் சொல்லியிருந்தார். உண்மையில் சூட்டோடு இருக்கிற காய்ந்த காய் ஆற ஆறத்தான் மூச்சை உள்ளே இழுக்கும். பலகை இடுக்கு வழியாகப் போனதை அது இழுத்துக்கொண்டது. அவர் அந்தச் சூட்டிலும் எண்ணெய் வாடையிலுமே நின்றுகொண்டிருந்தார். மூக்கு பழகிப்போயிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முட்களைத் துணியில் வைத்து நீட்டினார். எல்லாம் கறுப்பு. வெயிலில் காட்டினாலும் துளி மினுக்கம் இல்லை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அன்றைக்குப் பதினோரு மணிக்குள் விரால் மூன்று, கெண்டை ஒரு கூடை. பெரிய விரால் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் வைத்து, எது நீளம் என்று பார்த்தார். மீன் நீளம். பிள்ளை அழுதது. லயத்துப் பெண்கள் பாதி காசும் பாதி கடனுமாக எல்லாவற்றையும் வாங்கிப் போனார்கள்.

"இன்னும் நாலு ஞாயிறு புள்ள. சித்திரை மழைக்குள்ள தகரம் ஏறிரும்."

கூரை இல்லாத அந்த அறைக்குள் போய் நின்றோம். அடுப்பு எந்த மூலை, தொட்டில் எந்த விட்டம் என்று பேசினோம். விட்டம் தாங்குமா என்று நான் கேட்டேன். அவர் அதில் தொங்கிக் காட்டினார். அவர் கையில் அப்போதும் ஒரு வாடை இருந்தது. பிடித்த மீன் வாடை என்றுதான் நினைத்தேன். அதைவிடக் கனமாக, கொஞ்சம் கருகலாக இருந்தது. ஜீப்பில் இறங்கும்போது வழக்கம்போல வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் அந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் போடியில் இரண்டு தகரம் வாங்கி வீட்டுச் சுவரில் சாத்தி வைத்தேன்.

மூன்று நாள் கழித்து அந்த மூட்டைகள் கமிஷன் கடைக்கு வந்தன. முதல் மூட்டையைப் பிரித்து முறங்களில் கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த அக்கா மூக்கைப் பொத்தினாள்.

"ஏடி, எவ கருவாடு கொண்டாந்தது? தூக்குச் சட்டிய வெளிய வைங்கடி."

எல்லாரும் சிரித்தார்கள். சோற்றுச் சட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முறத்தில் இருந்த காயை ஒரு கை அள்ளி முகர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் இருந்த அதே வாடை.

கடை பாய் வந்தார். ஒரு காயைப் பிளந்து பார்த்தார், இன்னொன்றைக் கடித்துத் துப்பினார். மற்ற மூட்டைகளையும் பிரிக்கச் சொன்னார். மூன்றிலும் அதுவே. சாக்கில் இருந்த தோட்டத்து அடையாளத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர்.

"இது உன் வீட்டுக்காரர் இருக்கிற ஸ்டோர்தானம்மா? நான் மேல போயிப் பாத்துட்டு வர்றேன். நீயும் பிள்ளையத் தூக்கிட்டு ஏறிக்க. அவரையும் பாத்த மாதிரி இருக்கும்."

அவர் பிரியமாகத்தான் சொன்னார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் வளைவுகளில் எனக்குப் பயம் வரவில்லை. ஜீப் நின்றுபோனால் நல்லது, டயர் வெடித்தால் நல்லது என்று இருந்தது. முந்தானைக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டு வந்தது.

ஸ்டோரில் முதலாளி, கணக்குப்பிள்ளை, என் வீட்டுக்காரர். பாய் கொண்டு வந்த காயை முதலாளி முகர்ந்தார். கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். கணக்குப்பிள்ளை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த முட்களை எடுத்துக்கொண்டு வந்து முதலாளி முன்னால் தரையில் வைத்தார்.

"நாந்தான் மொதலாளி. மத்தி எண்ணெ தேச்சுக் குழாயில வச்சேன். மீனுக்கு மினுக்கம் தெரியக் கூடாதுன்னு. ரூமு காலியாத்தான் இருந்துச்சு."

"மூட்டை எங்க இருந்துச்சு?"

"அங்கிட்டு. காஞ்ச காயிதானன்னு நெனச்சேன்."

முதலாளி குனிந்து ஒரு முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கறுத்துருக்கு," என்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானாவது காலில் விழுந்திருப்பேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, ஏலக்காய்த் தைலம் இறக்குகிறவர்களுக்குத்தான் கம்மி விலையில் இதைத் தள்ள முடியும் என்றார். தன் கமிஷனை இதில் எடுக்கவில்லை என்றும் சொன்னார். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். விலை வித்தியாசம் மொத்தத்தையும் என் வீட்டுக்காரர் தலையில் கட்டினால் இரண்டு தலைமுறைக்கும் தீராது என்று முதலாளிக்கே தெரிந்திருக்கும். எண்ணூறு ரூபாய் இவர் பொறுப்பு என்றார்கள். மாதம் இருபது கூலியில் பிடிப்பார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுப்பிலிருந்து மட்டும் எடுத்துக் களைவெட்டுக்குப் போட்டார்கள்.

"அந்த ரூமு மொதலாளி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். குரல் மெதுவாக இருந்தது.

"அது அடுப்பு பாக்குற ஆளுக்கு உள்ள ரூமுப்பா," என்றார் முதலாளி. "புது ஆளு வந்தா அவனுக்கு வேணும்ல."

பிள்ளை அந்நேரம் விழித்துத் தன் அப்பாவிடம் தாவியது. அவர் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துவிட்டு, அப்புறமும் வாங்கவில்லை. "கையில வாட அடிக்கும், நீயே வச்சிரு," என்றார். கீழே வருகிற வழியில் பாய் பிள்ளைக்கு ரஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

புது அடுப்புக்காரர் சித்திரைக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அந்த அறைக்கு முதலாளியே தகரம் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்கள். நான் வாங்கி வைத்த இரண்டு தகரமும் போடியில் எங்கள் வாசல் சுவரில் சாத்தியே கிடந்தன. மத்தியானம் வெயில் அதில் பட்டு வீட்டுக்குள் வந்து கண் கூசும். பிள்ளை தூங்க முடியாமல் சிணுங்கும். சாணியைக் கரைத்து இரண்டையும் மெழுகி வைத்தேன்.

களைவெட்டில் மழை, அட்டை, மருந்தடிக்கிற வாடை. அடுப்புச் சூட்டில் இருந்த உடம்பு அந்த ஈரத்தைத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் இருமிக்கொண்டே இருப்பார். இருமலை நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். அவருக்கு அது தெரியும், அடக்கப் பார்ப்பார். சேட்டன் தன்னால் வந்தது என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அணைக்குப் போவோம் என்று கூப்பிடுவார். இவர் போகவில்லை. அந்த முட்களைப் பிறகு தண்ணீரில் போடவே இல்லை. கீழே போட்டுவிடுங்கள் மாமா என்று ஒரு தடவை சொன்னேன்.

"கெடக்கட்டும். எண்ணூறு கழியட்டும். கடைசி இருபது ரூவாயப் புடிக்கிற அன்னைக்கு நேராப் போயி மறுபடியும் ரூமக் கேப்பேன். அவரு மனசு எறங்குவாரு. அப்ப மீனு புடிக்க வேணும்ல."

மாதத்துக்கு மாதம் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதுதான் எங்கள் பேச்சு. மற்றவர்கள் பிள்ளையின் வயசைச் சொல்வது மாதிரி நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டோம். ஐந்நூறு கழிந்த மாதம் காய்ச்சல் கண்டது. மூன்றாவது நாள் ஜீப்பில் போர்வை சுற்றிக் கொண்டு வந்தார்கள். போடி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். நெஞ்சில் நீர் என்றார்கள். ஒருநாள் காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். விட்டம் செல்லரிக்காமல் இருக்கணும் என்று சொன்னார். எந்த விட்டம் என்று நான் கேட்கவில்லை. அன்று மத்தியானம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதலாளி சொல்லி அனுப்பினார், மிச்சத்தை விட்டுவிடலாம் என்று. கணக்குப்பிள்ளையே வீட்டுக்கு வந்து சொன்னார். என் வீட்டுக்காரரின் துணி மூட்டையையும் கொண்டு வந்து கொடுத்தார். வேட்டிக்குள் முட்கள் அதே கறுப்போடு இருந்தன, ஒரு துரு இல்லை. நான் சம்மதிக்கவில்லை. விட்டுவிட்டால், காயைக் கெடுத்துவிட்டுக் கட்டாமல் போனவன் என்றல்லவா அவர் பேர் நிற்கும். கழித்துவிடுவேன் என்று சொன்னவர் அவர்.

கையில் இருபது ரூபாய் சேர்ந்தபோதெல்லாம் அரிசி ஜீப்பில் ஏறிப் போய்க் கட்டினேன். கணக்குப்பிள்ளை முதலில் வாங்கமாட்டேன் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அந்த அறையின் வாசல் வழியாகத்தான் வருவேன். உள்ளே யாரோ குழம்பு தாளித்துக்கொண்டிருப்பார்கள். விட்டத்தில் ஒரு தொட்டில் தொங்கியது. விட்டம் தாங்கியது.

எட்டு தடவை கட்டியிருப்பேன். ஒன்பதாவது தடவை போனபோது தோட்டம் கைமாறியிருந்தது. பழைய முதலாளி ஊரோடு போய்விட்டார், கணக்குப்பிள்ளையும் இல்லை. புதிதாக இருந்த பையனிடம் இருபது ரூபாயை நீட்டினேன். எதற்கு என்று கேட்டான். தூண்டில் முள்ளில் தொடங்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி கேட்டுவிட்டு, "எங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லம்மா, வெரசா போங்க, ஜீப்பு கெளம்புது," என்றான்.

அந்த ரூபாயை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். வழி நெடுக அவருக்குச் சொல்கிற மாதிரி கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்க கட்டினது ஐந்நூறு மாமா, நான் கட்டினது நூற்று அறுபது. இன்னும் பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.